தம்பி இல்லாத விமான நிலையம்

தை 9, வெள்ளி இரவு

அடுத்த வாரம் சம்பந்தி வீட்டாரோடு மும்பைக்கு விமானத்தில் போகிறோம். நாங்கள் தங்கும் இடம் பழைய விமான நிலையத்துக்குப் பக்கம். ஆனாலும் தூரத்திலிருக்கும் நவி மும்பை புது நிலையத்துக்கே டிக்கெட் போடச் சொன்னேன். பழைய நிலையத்தில் என் தம்பி தரை துடைக்கிறான். அவன் அங்கே ஆபீசர் என்று சம்பந்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்று முத்தையாபுரம் பஸ்ஸில் வரும்போது அவனே கூப்பிட்டான்.

“யக்கா, நீ வாரேன்னு டூட்டி மாத்தி வாங்கிட்டேன். வாசல்லயே நிப்பேன்.”

“அங்கன டிக்கெட் கெடைக்கலலே, நவி மும்பைக்குத்தான் கெடைச்சுது” என்று பொய் சொன்னேன்.

“சரிக்கா. அது பெரிய ஏர்போர்ட்டு, ரொம்ப நடக்கணும். அத்தானுக்கு முட்டுவலி உண்டுல்லா, வெக்கப்படாம வீல்சேர் கேளு.”

டிக்கெட்டை மாற்ற இன்னும் நாள் இருக்கிறது. நான் மாற்ற மாட்டேன் என்று எனக்கே தெரிகிறது.