ஆப்பிளுக்குப் பக்கத்தில் வைக்காதே

12, வியாழன்

காலையிலேயே புழுக்கம். மழை வரும்போல் இருக்கிறது, வராது.

மருமகள் கவிதாவுக்கு மூன்றாம் மாதம். கொஞ்ச நாளாக வயிற்றில் எதுவும் தங்கவில்லை. இட்லி, கஞ்சி, மாதுளை எல்லாம் வெளியே. எடை இறங்குகிறது. திங்கட்கிழமையும் இப்படியே வந்தால் படுக்க வைத்து டிரிப்ஸ்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். போன வருஷம் ஒன்று நிற்கவில்லை. அதை வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை.

தங்குவது லெட்டூஸ் மட்டும், முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும் சீமைக் கீரை. பச்சையாக, சில்லென்று, கடித்தால் மொறுமொறுப்பாக. மசக்கைக்கு மாங்காய் கேட்பார்கள், சாம்பல் தின்பார்கள். என் மருமகள் ஆட்டுத் தீனி கேட்கிறாள். துவண்டிருந்தால் தொடமாட்டாள்.

மகன் சரவணன் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கும் கடையிலிருந்து இரண்டு கொண்டுவந்தான். சனிக்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் வண்டி வராதாம். செவ்வாய்க்குத்தான் அடுத்த சரக்கு. அதுவரை இந்த இரண்டுதான்.

கீரைக்காரம்மா செய்வதுபோல் நன்றாகத் தண்ணீர் தெளித்து, பையில் கட்டி, ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று.

13, வெள்ளி

பைக்குள் குளம். மேல் இலையெல்லாம் வழவழ. ஒன்றில் பாதி குப்பைக்கு. கீரைக்காரம்மா மதியத்துக்குள் விற்றுவிட்டுப் போய்விடுவாள், நான் நாலு நாள் வைக்க வேண்டும். எனக்கு ஏன் உறைக்கவில்லை?

கருவேப்பிலையை எப்படி வைக்கிறேன்? ஈரம் போகத் துடைத்து. அப்புறம் இது மட்டும் என்ன ராஜா வீட்டுப் பிள்ளையா? இருந்தாலும் பார்த்துவிடலாம் என்று மூன்று விதம்:

அ. துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுருட்டி, டப்பாவில். கீழ்த்தட்டு.
ஆ. துடைத்து, பேப்பரில் சுற்றி, டப்பாவில். மேல்தட்டு.
இ. சொம்புத் தண்ணீரில் நிற்க வைத்தது. வெளியே.

சரவணன் பார்த்துவிட்டு, "இது ஃபிரிட்ஜா, லேபரட்டரியாம்மா?"

சாயங்காலம் கீழ்பென்னாத்தூரிலிருந்து என் தங்கை. ஒரு பை ஆப்பிள். எதிர்வீட்டிலிருந்தும் ஆப்பிள். மாசமாக இருக்கிறாள் என்றால் ஊரே ஆப்பிள்தான். எல்லாம் கீழ்த்தட்டில்.

கவிதா நாலு இலை. தங்கியது.

14, சனி, பௌர்ணமி

விடிந்ததிலிருந்து ஹாரன். வேங்கிக்கால் முழுக்க வெளியூர் வண்டி. பால் வாங்கப் போய் வரவே பாடு.

இ: துவண்டது. ஆ: சுமார். அ: மொறுமொறுதான், ஆனால் நரம்பு ஓரமெல்லாம் துரு பிடித்ததுபோல் புள்ளி. ஈரம் இல்லை, அழுகல் வாடை இல்லை. பின் ஏன்? அரை நாள் இதே யோசனை, சாம்பாருக்கு உப்புப் போட மறந்தேன்.

மேல்தட்டில் புள்ளி இல்லை. கீழ்த்தட்டில் என்ன ஜாஸ்தி? ஆப்பிள். வாழைக்காயோடு ஒரு பழத்தைப் போட்டு மூடினால் சீக்கிரம் பழுக்குமே. பழம் ஏதோ விடுகிறது, கண்ணுக்குத் தெரியாமல்.

ஆப்பிள் முழுவதும் ஹாலுக்கு. எல்லா இலையும் துணியில், மேல்தட்டில். தங்கை போனில் ஆப்பிளை விசாரித்தாள். பத்திரமாக இருக்கிறது என்றேன். பொய் இல்லை.

15, ஞாயிறு

புதுப் புள்ளி இல்லை! ஆப்பிள்தான்.

துவண்ட இலையை ஐஸ் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் விறைத்து எழுந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். துடைத்து வைத்தேன்.

கவிதா சமையற்கட்டுக்கு வந்து நின்றாள். "அத்தை, இந்த வாட்டி கொழந்த நல்லபடியா பொறந்துடும் இல்ல?"

"பொறக்கும்மா."

எனக்கு என்ன தெரியும்? ஒரு இலையைப் பற்றியே நேற்றுதான் தெரிந்துகொண்டேன். பயமாக இருக்கிறது.

16, திங்கள்

மேகம். ஆஸ்பத்திரியில் கூட்டம் கம்மி.

எடை இறங்கவில்லை. டிரிப்ஸ் வேண்டாம். ஸ்கேனில் இதயத்துடிப்பு கேட்டதாம். சரவணன் வெளியே வந்து சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் இலையைக் கழுவித் தட்டில் வைத்துக் கொடுத்தேன். மூக்கைப் பொத்தினாள். "கோச்சிக்காதீங்க அத்தை. இத பாத்தாலே கொமட்டுது. ரசம் சோறு இருக்கா?"

இல்லை. உலை வைத்தேன். அவசரத்தில் மிளகைக் கொட்டிவிட்டேன். அரைக் கிண்ணம் சாப்பிட்டாள். நான் பக்கத்திலேயே பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தேன். வாந்தி வரவில்லை. தங்கிவிட்டது.

கூப்பிடுகிறாள். இன்னும் கொஞ்சம் வேண்டுமாம்.