மாடு வந்து இறங்குகிற வாசல்

உடையார்பாளையம்
18.1.83

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு அம்சவள்ளி எழுதுவது. நானும் மாமாவும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நாலு வரி போட்டால் என் மனசு அடங்கும்.

மிருகக்காட்சி சாலையில் உங்களுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்ற கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். மகனை அரசாங்கத்துக்குக் கொடுத்தவர் நடை வந்துவிட்டது அவருக்கு. ஆனால் அங்கே என்ன வேலை என்று நீங்கள் எழுதவில்லையே. பக்கத்து வீட்டுக் கண்ணகி, "சிங்கத்துக்குத் தல சீவி விடுற வேலையாடி ஒம் புருசனுக்கு?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

இங்கே ஐப்பசி கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டது. காட்டு வேலை இல்லை. முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறேன். கொட்டைத் தோட்டில் கசிகிற எண்ணெய் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்து வெந்துவிட்டது. பேனா பிடித்தால் காந்துகிறது, எழுத்து கோணியிருந்தால் திட்டாதீர்கள்.

நம் செவலைக்காளைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. ஜோடி செத்த பிறகு அது உழவுக்கும் ஆகவில்லை, வண்டிக்கும் ஆகவில்லை. ஆனாலும் மாமா முதலில் அதற்குத் தவிடு பார்ப்பார், பிறகுதான் எனக்கு உலையில் போட நொய் அளந்து கொடுப்பார். பருத்திக்கொட்டை வாங்குவது என் கூலியில். போன வாரம் தொட்டியில் தண்ணீர் வைக்க நேரமாகிவிட்டது என்று தார்க்குச்சியை எடுத்து என் முதுகில் போட்டார். அந்த மாட்டை ஒரு நாளும் அடிக்காத தார்க்குச்சி அது.

என்னை எப்போது கூட்டிக்கொண்டு போவீர்கள்? கல்யாணமாகி நாலு வருஷத்தில் நாம் சேர்ந்திருந்த நாட்களை எண்ணினால் அழுகை வருகிறது. அதனால் எண்ணுவதில்லை.

நீங்கள் வரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்சவள்ளி


மிருகக்காட்சி சாலை
2.2.83

அம்சவள்ளிக்கு ராசாங்கம் எழுதுவது. நான் சௌக்கியம். அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்.

இங்கே என்னென்ன வேலை என்று கேட்டிருந்தாய். அப்பாவுக்கும் படித்துக் காட்டு. வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் இருக்கிறார். யானைக்குப் பாகன், கூண்டு கழுவ ஆட்கள், பாம்பு இருக்கிற கண்ணாடியைத் துடைக்க ஒருவர், மிருகங்களுக்கு மருந்து கலக்கிற கம்பவுண்டர். குரங்கை வம்புக்கு இழுக்கிற ஜனங்களை விரட்டுவதற்கென்றே ஒரு ஆள் உண்டு. அவனைக் குரங்குகள் வம்புக்கு இழுக்கும். எனக்கு மான் பட்டி. காலையில் தழை கட்டித் தொங்கவிட வேண்டும், தொட்டியில் தண்ணீர் விட வேண்டும். மான்கள் என் கையிலேயே தின்னும்.

இதற்குக் கீழே இருப்பதை வாய்விட்டுப் படிக்காதே.

மான் பட்டி என்றது அப்பாவுக்காக. எனக்கு வேலை கறிக்கொட்டகையில். புலியும் சிங்கமும் தழை தின்னாது அல்லவா. செவ்வாய்க்கிழமை தோறும் லாரியில் அடிமாடு வந்து பின்வாசலில் இறங்கும். அதை அறுத்து, கூறு போட்டு, கூண்டு கூண்டாகப் போடுவது நாங்கள். காலியாக இருந்த இடம் அது ஒன்றுதான். வேண்டாமென்றால் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். முதல் வாரம் சோறு இறங்கவில்லை, இப்போது பழகிவிட்டது. அப்பா மாட்டைக் குலசாமியாகக் கும்பிடுகிற மனிதர். தெரிந்தால் செத்த பிறகுகூட என் கையால் கொள்ளி வாங்கிக்கொள்ள மாட்டார். அவரிடம் மூச்சு விடமாட்டேன் என்று திரௌபதையம்மன் மேல் ஆணையிட்டு எனக்கு எழுது.

உன்னை இங்கே கூட்டிவர முடியாது. கொட்டகைக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் நாலு பேர் படுத்திருக்கிறோம். இந்த நாற்றம் உனக்கு ஒத்துக்கொள்ளாது. பொறுத்திரு.

ராசாங்கம்


உடையார்பாளையம்
20.2.83

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு அம்சவள்ளி எழுதுவது.

திரௌபதையம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், உங்கள் வேலை என்னவென்று என் வாயிலிருந்து மாமா காதுக்கு ஒருநாளும் போகாது. நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

மான் கதை இங்கே தெருத் தெருவாகப் போய்விட்டது. "எம் மவன் கையாலதான் மானுங்க தின்னுமாம். சின்னப்புள்ளயிலேர்ந்தே வாயில்லா சீவன்னா அவனுக்கு உசுரு" என்று டீக்கடையில் மாமா சொல்லாத ஆள் இல்லை. கேட்டுக்கொண்டு நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

உங்கள் வேலை எனக்குக் கேவலமில்லை. அறுக்கிற கை என்று உங்கள் கையை நான் தள்ளமாட்டேன். என் கையைப் பார்த்தால் நீங்கள்தான் தள்ளுவீர்கள். நாற்றம் என்கிறீர்கள். முந்திரி வறுக்கிற புகையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவளுக்கு நாற்றம் என்ன செய்யும்? அந்த நாலு பேருக்கும் சேர்த்துச் சோறாக்குகிறேன். கூரைக்குக் கீழே ஒரு மூலை கொடுத்தால் போதும். இங்கே முடியவில்லை. நேற்று என் கஞ்சியில் பாதியை மாட்டுத் தொட்டியில் ஊற்றச் சொன்னார் மாமா, ஊற்றினேன்.

எப்போது வரலாம் என்று எழுதுங்கள்.

உங்கள் அம்சவள்ளி


உடையார்பாளையம்
11.3.83

ராசாங்கத்துக்கு ஒப்பன் செல்லமுத்து சொல்றது. மான் பட்டியில நீ சொகமா இருக்கேன்னு கேட்டு சந்தோசம். எழுதுறது ஒம் பொண்டாட்டிதான். எழுதி முடிச்சதும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்குவேன், என்னை ஏமாத்த முடியாது.

நாலு வருசமா பாத்துட்டேன். இவ வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல. நம்ம செவலைக்குப் போடுற தீனிக்குச் சாணியாச்சும் கெடைக்குது. இவளுக்குப் போடுற சோத்துக்கு என்னா கெடைச்சுது? மீன்சுருட்டியில ஒங்கம்மாவோட தம்பி கொளஞ்சி, தம் மவ உண்ணாமலைய ஒனக்குத் தரேங்குறான். ஆவணியில வெச்சுக்கலாம். இவள வெரட்ட வேணாம். வூட்டு வேலைக்கு ஆள் வேணும், இங்கயே கெடக்கட்டும். சரின்னு ஒரு வார்த்த எழுது.

இதற்குக் கீழே இருப்பதை நான் மாமாவுக்குப் படிக்கப்போவதில்லை.

அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சாணி என்று சொன்னதும் "எழுதிட்டியா?" என்று குனிந்து பார்த்தார். எழுத்து தெரியாதவர் குனிந்து என்ன பார்த்தாரோ. புருஷன் ஊரில் இல்லாமல் பிள்ளை எங்கிருந்து வரும் என்று அவரிடம் நான் கேட்க முடியாது. நீங்கள் கேட்கலாம். கேட்காவிட்டாலும் பரவாயில்லை, இல்லை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு எத்தனை வருஷமானாலும் இந்த மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவேன்.

அம்சவள்ளி


மிருகக்காட்சி சாலை
25.3.83

வாய்விட்டுப் படிக்க வேண்டியது:

அப்பாவுக்கு வணக்கம். உங்கள் சொல்லை நான் என்றைக்குத் தட்டியிருக்கிறேன்? உண்ணாமலையைச் சின்னப் பெண்ணாகப் பார்த்தது. நல்ல பெண். ஆவணியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்விட்டுப் படிக்க வேண்டாதது:

அம்சவள்ளி, நீ விவரமானவள், புரிந்துகொள்வாய். அப்பா மனசை நோகடிக்க என்னால் முடியாது. எனக்கு குவார்ட்டர்ஸ் இருக்கிறது. ஒரு அறை, சமையல்கட்டு, குழாய்த் தண்ணீர். கொட்டகையிலிருந்து தள்ளி இருப்பதால் நாற்றம் வராது. வாசலில் ஒரு மல்லிகைக் கொடி வைத்திருக்கிறேன். வேலை நிரந்தரமானபோதே கொடுத்துவிட்டார்கள், உன்னிடம் சொல்லச் சமயம் வாய்க்கவில்லை. புதிதாக வருகிறவளுக்கு அது வேண்டும். உனக்கு ஊரில் வீடு இருக்கிறது.

இரண்டாம் கல்யாணம் என்று ஆபீசில் தெரிந்தால் என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். யாராவது சொன்னார்கள் என்று மனு கினு போட்டுவிடாதே. அப்பாவுக்கு நேரத்துக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு இரு. தீபாவளிக்கு உனக்கும் ஒரு சேலை வரும். என் வேலையைப் பற்றி நீ இட்ட ஆணையை மறக்காதே. உண்ணாமலை வீட்டுக்கும் தெரியக் கூடாது.

ராசாங்கம்


உடையார்பாளையம்
2.5.83

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு அம்சவள்ளி எழுதுவது.

படிக்க வேண்டியதை வாய்விட்டுப் படித்தேன். மாமாவுக்குச் சந்தோஷம். மறுநாளே மீன்சுருட்டிக்கு பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபிக்காதீர்கள். எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது, இப்போது இருக்கிறது.

வெயில் எல்லாவற்றையும் வழித்துவிட்டது. காசு கொடுத்தாலும் வைக்கோல் கிடைக்கவில்லை. செவலைக்கு விலா எலும்பு தெரிகிறது. தினம் ஒரு தரகன் அடிமாட்டுக்குக் கேட்டு வருவான், மாமா தார்க்குச்சியோடு விரட்டுவார். போன வாரம் அரியலூர்ப் பக்கத்திலிருந்து உத்திராபதி என்ற தரகன் வந்தான். "மிருகக்காட்சி சாலைக்கு மாடு ஏத்துறேன்" என்று சொல்லி நீங்கள் இருக்கிற ஊரின் பெயரைச் சொன்னான்.

மாமா ஓடிவந்தார். "அடியே, எம் மவன் இருக்குற எடத்துல மாடும் வெச்சிருக்காங்களாம்டி. மானோட மானா நின்னுட்டுப் போவுது. ராசாங்கம் இதுக்கும் தழை போடுவான்ல?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாட்டின் கயிற்றை விட்டிருக்கமாட்டார். "போடுவாரு மாமா" என்றேன். அம்மன் மேல் ஆணையிட்டவள் வேறு என்ன சொல்ல முடியும்?

உத்திராபதி கொடுத்த பணத்தை அவர் கையால் தொடவில்லை. "மவன்கிட்ட அனுப்புறதுக்கு ஆராச்சும் காசு வாங்குவானா?" என்றார். அவன் பணத்தைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டான். நேற்று செவலையைக் குளிப்பாட்டிக் கொம்புக்குச் சிவப்புச் சாயம் அடித்து, புதுக்கயிறு போட்டு, பழைய மணியைக் கழுத்தில் கட்டினார். குளிப்பாட்டியது நான்தான். வெந்துபோன என் விரலை நக்கியது. அந்த மாட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பாவம் அது. சாயங்காலம் லாரி கிளம்பிவிட்டது.

உங்கள் ஆபீசுக்கு மனுப் போடச் சொல்லிக் கண்ணகி நச்சரிக்கிறாள். போடவில்லை. உங்களுக்கு வேலை போய்விட்டால் செவலையை அங்கே யார் இறக்கிக்கொள்வது?

அம்சவள்ளி


மிருகக்காட்சி சாலை
4.5.83

அம்சவள்ளி,

உன் கடிதம் இன்றைக்கு வந்தது. லாரி நேற்றே வந்துவிட்டது.

பின்வாசலில் பலகையைச் சாய்த்து மாடுகளை இறக்கும்போது மணிச் சத்தம் கேட்டது. "அடிமாட்டுக்கு எவன்டா மணி கட்டுனான்?" என்று மேஸ்திரி சிரித்தார். பார்த்தால், சிவப்புச் சாயம் அடித்த கொம்போடு நம் செவலை. மற்ற மாடெல்லாம் ரத்த வாடைக்கு மிரண்டு பின்வாங்கின. செவலை மட்டும் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டு தானாக நடந்து வந்தது. எங்கள் வீட்டு மாடு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கொட்டகையே சிரிக்கும். எடை போட்டு எழுதிவிட்ட மாட்டைத் திருப்பித் தரவும் மாட்டார்கள். இன்னொருவனை அறுக்கச் சொன்னேன், இது உன் முறை என்றான். நான்தான் செய்தேன். கழுத்தைச் சொறிந்துவிடப் போகிறேன் என்று நினைத்துத் தாடையைத் தூக்கிக் கொடுத்தது. மணி என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

நீ மனுஷியா? ஒரு தந்தி கொடுத்திருக்கக் கூடாதா? வாயில்லாத ஜீவன் உனக்கு என்ன செய்தது?

சரி, நடந்தது நடந்துவிட்டது. அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிந்தால் உயிரை விட்டுவிடுவார். செவலை மான்களோடு நிற்கிறது, என் கையால் தின்கிறது என்று படித்துக் காட்டு. உன் காலில் விழுந்து கேட்கிறேன். உண்ணாமலை பேச்சை நிறுத்திவிடுகிறேன். நீயே இங்கே வந்துவிடு. குவார்ட்டர்ஸ் சாவியை உனக்காக வைத்திருக்கிறேன்.

உன் ராசாங்கம்


உடையார்பாளையம்
16.5.83

ராசாங்கம் அவர்களுக்கு அம்சவள்ளி எழுதுவது.

நீங்கள் சொன்னபடியே மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். செவலை மான்களோடு நிற்கிறது, அகத்திக்கீரை தின்கிறது, உங்கள் கையை நக்குகிறது என்று. மாமா குழந்தையைப் போல அழுதார். மறுநாளும் படிக்கச் சொன்னார், அதற்கு மறுநாளும். நானும் தினம் ஒன்று சேர்த்துப் படித்தேன். குழாய்த் தண்ணீரில் குளிக்கிறது என்றேன், மல்லிகைக் கொடியை மேயப் பார்க்கிறது என்றேன். ஏமாற்ற முடியாது என்று சொன்ன மனிதர்.

கடைசியில் "நானே போயி ஒரு தடவ பாத்துட்டு வந்துடுறேன்" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். மகளுக்கு வீடு பார்த்துவிட்டு வருகிறேன் என்று கொளஞ்சி மாமாவும் கிளம்பியிருக்கிறார். இன்றைக்கு பஸ் ஏற்றிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே வந்து இறங்குவார்கள். கையில் ஒரு பை பருத்திக்கொட்டை இருக்கும். என் கூலியில் வாங்கியதுதான், கடைசித் தடவையாக.

"அங்க போயி என்னான்னு கேக்குறது?" என்றார் மாமா. "பெரிய வாசல்ல டிக்கெட் கேப்பாங்க மாமா. மாடு வந்து எறங்குற வாசல் எதுன்னு கேளுங்க, காட்டுவாங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

ஆணையை நான் மீறவில்லை. உங்கள் வேலையைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு வார்த்தை போகவில்லை.

சாவி எனக்கு வேண்டாம். மாசியில் வா என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கொட்டகை வாசலிலேயே குடித்தனம் செய்திருப்பேன். இப்போது நீங்கள் கூப்பிடுவது என் வாயை அடைக்க. நான் பூலாம்பாடிக்கு என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். அங்கே ஏதாவது கூலி இல்லாமலா போகும். செவலையை நினைத்தால் மட்டும் சோறு இறங்க மறுக்கிறது. உங்களைப் போல எனக்கும் பழகிவிடும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் உங்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். அதனால் உறையை ஒட்டி மாமா மடியில் வைத்து அனுப்புகிறேன். மகன் கையில் தவிர யாரிடமும் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது அவர் பருத்திக்கொட்டைப் பையோடு உங்கள் எதிரில் நின்றுகொண்டிருப்பார். "என்னாடா எழுதியிருக்கா?" என்று கேட்பார்.

இத்தனை நாள் அவருக்கு நான் படித்துக் காட்டினேன். இதை நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள்.

அம்சவள்ளி