பூ கருகிய கோடை

அண்ணே,

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இன்று உன்னைப் பார்த்தேன். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. பசை இன்னும் காயவில்லை. அந்தப் புளித்த நாற்றத்துக்கு நடுவே வெள்ளைச் சட்டையில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாய். படத்துக்குக் கீழே 'விவசாயிகளின் வழிகாட்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற பெண், "தெரிஞ்சவரா?" என்று கேட்டாள். "கூடப் பொறந்தவரு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கூடையை நகர்த்தி வைத்துக்கொண்டாள். பார்க்கட்டும். செத்தவர்களைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்பவர்களுக்கு உன்னைப் போல ஓர் அண்ணன் வாய்த்திருக்க மாட்டான்.

நம் ஊரில் கோடைக்கு மக்காச்சோளம் போடலாம் என்று முதலில் சொன்னது நீதான். அதை நான் மறுக்கவில்லை. ரோட்டோரம் இருந்த உன் விதைக்கடையில், காற்றாடிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாய். "மாசியில ஊனுங்க. கோழிப்பண்ணைக்காரன் வீடு தேடி வருவான். ஊடால சோயாவப் போட்டுவிட்டா மண்ணுக்கும் ஒரம்." நாங்கள் விதைத்தோம். பயிர் பூவெடுத்த நேரம், சித்திரையில், சிறுமலைப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்து நல்ல மழை பெய்தது. காற்றே குளிர்ந்துபோனது. செடித் தலையில் இருந்த ஆண்பூவிலிருந்து மகரந்தத் தூள் பொலபொலவென்று சோளக் கருதின் நூல்களில் இறங்கியது. கருது ஒவ்வொன்றும் நுனிவரை மணி பிடித்தது. சோயாவும் கொத்துக் கொத்தாகக் காய்த்தது.

அது மழை செய்த வேலை. நீயோ அந்த மழையை உன் தோளில் சுமந்து வந்து இறக்கியவன் போல டீக்கடையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "நான் சொன்னேன்ல?" என்றாய். எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தாய். நானும் ஒரு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, என் அண்ணன் என்று பெருமையாகத்தான் நின்றேன்.

அடுத்த கோடையில் மழை வரவில்லை. உன் செல்போன் மட்டும் மழை காட்டிக்கொண்டே இருந்தது. "வியாழக்கிழமை பெய்யும்" என்பாய். வியாழன் போனால் ஞாயிறு என்பாய். விடிந்து கொஞ்ச நேரத்துக்குள்ளேயே சோளத்தாள்கள் சுருண்டுகொள்ளும். போரில் ஊறிய தண்ணீரையெல்லாம் பாய்ச்சினோம். வேர் நனைந்தது, செடி பச்சையாகத்தான் நின்றது. ஆனால் பூவுக்குக் குடை பிடிக்க யாரால் முடியும்? அனல் காற்று வீசியதில் ஆண்பூ வெளுத்துப்போனது. கருது நூல் வெளியே வந்த வேகத்தில் கருகியது. சோயாப் பூக்கள் உதிர்ந்து வாய்க்கால் தண்ணீரில் ஊதா நிறமாக மிதந்து போனதை முருகாயிதான் எனக்குக் கூப்பிட்டுக் காட்டினாள். என் சோளக்காட்டுக்கு அடுத்த காடு அவளுடையது. நானும் அவளும் நேராக உன் கடைக்கு வந்தோம்.

"பூவத் தட்டுனா தூளே விழுகலண்ணே. வெறும் உமிதான் விழுகுது. நூலெல்லாம் கருகிப்போச்சு" என்றேன்.

நீ செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "செடி பச்சையாத்தான நிக்கிது? கருது பிடிக்கும்த்தா, பொறு. தண்ணிய மட்டும் நிறுத்திராதீக."

"நெசமாத்தான் சொல்றியா?"

"ஒனக்குப் பொய் சொல்லுவனா, பாண்டியம்மா?"

அந்த வாரமே உன் காட்டில் அறுக்கிற வண்டி இறங்கியது. உன் சோளம் முழுவதையும் பச்சையாகவே வெட்டி, துண்டு துண்டாக நறுக்கி, ஒட்டன்சத்திரம் பக்கத்து மாட்டுப்பண்ணைக்கு லாரியில் ஏற்றினாய். நான் வரப்பில் நின்று கேட்டேன். "நான் மொதல்லயே தீவனத்துக்குன்னுதான் போட்டேன்" என்றாய். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. உன் காட்டில் கருது எப்படி இருந்தது என்று பார்க்க நான் காலை எடுத்து வைத்தபோது, "பாம்பு கெடக்கும், போத்தா" என்று விரட்டினாய். அந்தக் காட்டில் பாம்பு இருந்தது உண்மைதான். வேட்டி கட்டிக்கொண்டு வரப்பில் நின்றது.

நாங்கள் பொறுத்தோம். தண்ணீர் கட்டிக்கொண்டே பொறுத்தோம். கடைசியில் உரித்துப் பார்த்தால் எல்லாம் பொக்கைக் கருது. இங்கே ஒரு மணி, அங்கே ஒரு மணி, மீதியெல்லாம் வெறும் சக்கை. அதற்குள் சோளத்தட்டையும் காய்ந்து முறுகிவிட்டதால் மாடும் வாய் வைக்கவில்லை. தீனி வாங்க வழியில்லாமல் சினையாக இருந்த என் செவலை மாட்டை விற்றேன். லாரியில் ஏற மாட்டேன் என்று அது முன்னங்காலை ஊன்றிக்கொண்டு நின்றது. முருகாயியின் மகள் நர்சு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். நீ கடையில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாய்: "பொம்பளைக வெள்ளாமை. தண்ணி கட்டத் தெரியல. வெதையக் குத்தஞ் சொன்னா ஆச்சா?" முருகாயி அதைக் காதால் கேட்டுவிட்டு வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். நான் அழவில்லை. அன்றைக்கு என் வயிற்றில் ஏறிய கசப்பு அழுகைக்கு இடமே விடவில்லை.

அடுத்த வருசக் கோடையில் நீ கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, போய்ச் சேர்ந்தாய். கூடப்பிறந்தவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று ஊர் பேசியது. உண்மைதான். உன்னைத் தூக்கும்போது என் மனதில் வந்தது செவலையின் முன்னங்கால்தான்.

இந்த வருசமும் கிணறு ஊற நேரமாகி, எல்லோரும் மாசியில்தான் மக்காச்சோளம் விதைத்தோம். உன் காட்டில் அண்ணி விதைத்திருந்தாள். போன வாரம் அதே அனல், அதே வெளுத்த பூ. காலையில் நான் என் காட்டில் பூவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து நின்றாள். உன் சாவுக்குப் பிறகு அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை.

"என்ன பண்றது பாண்டியம்மா?" என்றாள்.

சும்மா இருந்திருக்கலாம். "கருது பிடிக்கும் அண்ணி, பொறுங்க" என்று உன் குரலிலேயே சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்ததும் எனக்குக் குமட்டியது.

"பிடிக்காது அண்ணி. இன்னைக்கே அறுத்துருங்க. காயவிட்டா மாடுகூடத் திங்காது."

அவள் போகவில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"அன்னைக்கு உங்கண்ணனுக்குத் தெரியும்" என்றாள். "வீட்டுல வந்து சொன்னாரு, இந்த வருசம் ஒண்ணும் தேறாதுன்னு. தங்கச்சிகிட்டயாச்சும் சொல்லுங்கன்னேன். 'எல்லாரும் ஒண்ணா அறுத்தா தட்ட வெல விழுந்துரும், நீ வாய மூடிக்கிட்டு இரு'ன்னாரு. நானும் இருந்துட்டேன்."

இவ்வளவுதானா, அண்ணே? தெரியாமல் சொல்லியிருப்பாய், சொன்ன வாக்கை மாற்ற வெட்கப்பட்டிருப்பாய் என்றுகூட நான் சில நாள் உனக்காக வாதாடிப் பார்த்திருக்கிறேன். தப்புச் செய்தாலும் பெரிய மனிதனாகத்தான் செய்திருப்பாய் என்று ஒரு நப்பாசை. கடைசியில் பார்த்தால் ஒரு லாரித் தட்டைக்கு ஆசைப்பட்ட ஆள். உன்னை வெறுப்பதற்குக்கூட நீ அளவில் சின்னவனாகப் போய்விட்டாய்.

அன்று மதியத்துக்குள் முருகாயியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் அறுத்தார்கள். நீ பயந்த மாதிரியே விலை விழுந்தது. சிலர் என்னைத் திட்டினார்கள். அரைவிலைக்கு விற்றோம், மீதியை எங்கள் மாடுகளுக்குக் குழியில் அமுக்கி மூட்டம் போட்டு வைத்தோம். மாடு விற்றவர் யாரும் இல்லை.

நாளை உனக்குப் படையல். அண்ணி கூப்பிட்டிருக்கிறாள், வருவேன். உன் கூட்டாளிகள் உன்னைப் புகழ்வார்கள். அவளுக்காக வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வருவேன். உன்னிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் குமட்டல் ஒன்றுதான். தெரிந்ததைச் சொல்லாமல் ஒதுங்கிப் போகலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தால் போதும், அது வயிற்றிலிருந்து கிளம்பி வந்து என்னை ஆட்களின் வாசலுக்குத் தள்ளிவிடுகிறது. அதைத் தவிர நீ எனக்கு எதுவும் தந்ததில்லை. அதையும் நீ தெரிந்து தரவில்லை.

உன் தங்கை,
பாண்டியம்மா