பாஸ்காவில் என் தம்பி சொன்ன வசனம்

என் பிரியமுள்ள தம்பி சூசைக்கு,

அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் நின்றவர்களை வரிசையாகச் சொல்கிறேன், சரிதானா என்று பார். நீ. சுவரில் சாய்ந்துகொண்டு உன் பெண்டாட்டி லூர்து. அவள் இடுப்பில் கைப்பிள்ளையாக மேரி. நான். என் வீட்டுக்காரர். மண்வெட்டியைக் கீழே வைக்காமல் குழிவெட்டி செல்லையா. பங்குச் சாமியார் வெளியூர் போயிருந்ததால் ஜெபம் சொல்ல வந்த உபதேசியார் மரியதாஸ். பெட்டிக்குள் உன் மகன் அருள்.

அந்த வருஷப் பெரிய வெள்ளிக்கு நம் கோயிலில் பாஸ்கா போட்டார்கள். ஆண்டவர் பாடுபட்டு மரித்ததை விடிய விடிய நடிக்கிற நாடகம். நடிப்புச் சொல்லிக் கொடுத்தது உபதேசியார்தான். தீர்ப்புச் சொன்ன பிலாத்து, பழி எனக்கில்லை என்று கையைக் கழுவியதும் யூதர் கூட்டம் கத்த வேண்டும், இந்தச் சாவின் பழி எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் சேரட்டும் என்று. கூட்டத்துக்கு ஆள் இருந்தது, தொண்டை இல்லை. பேண்டேஜ் துணி நெய்கிற தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி உனக்கு மட்டும் தொண்டை இருந்தது.

“ஏலே, மத்தவன்லாம் வாய மூடுங்க. சூசை, நீ ஒருத்தன் சொல்லு. பக்கத்தூரு தேவதானம் வரைக்கும் கேக்கணும்” என்றார் உபதேசியார்.

கேட்டிருக்கும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் தம்பி என்று பக்கத்தில் இருந்தவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

மழைக்காலத்தில் அருளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முதல் பிடி மண்ணை நீ போட்டாய். ஜெபப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உபதேசியார் சொன்னார்: “பிள்ளைங்க மேல வரட்டும்னு கேட்டேல்லா, சூசை. வந்துட்டு, பாத்தியா.”

அந்த வசனத்தை உன் வாயில் வைத்ததே அவர்தானே! அதை அவரிடம் கேட்க அங்கே ஒருத்தருக்கும் நாக்கு எழும்பவில்லை. எனக்கும்தான்.

பொறவு நடந்தது உனக்குத் தெரியும். டீக்கடையில் உனக்குப் பெயரே யூதன் ஆகிவிட்டது. மேரி பள்ளிக்கூடம் போனால் அவள் யூதன் மகள். அவளோடு விளையாடினால் சீக்கு வரும் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போன தாய்மார்கள் ஒவ்வொருத்தியும் எனக்கு முகத்தோடு ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு வயது வந்தும் பெண் கேட்டு ஒருத்தரும் வாசல் ஏறவில்லை. நான்தான் என் மகனுக்கு எடுத்தேன். பரிதாபப்பட்டு எடுத்ததாக ஊர் சொன்னது. தங்கமான பிள்ளை, எனக்கு வேண்டும் என்று எடுத்தேன்.

நீ பாட்டையும் விட்டாய், கோயிலில் வாய் திறந்து பதில் ஜெபம் சொல்வதையும் விட்டாய். கண்ணை மூடுவதற்கு முன்னால் படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நான் வேஷந்தான கட்டுனேன்?” என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை, தம்பி. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?

இப்போது தெரிந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மேரி இஸ்ரேலில் வேலை பார்க்கிறாள். தொண்ணூறு தாண்டிய ஒரு யூத அம்மாவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, கூடவே இருக்கிற வேலை. அந்த அம்மா பெயர் ஹன்னா. இந்தப் பெரிய வெள்ளியன்று மேரி போனில் முகம் காட்டிப் பேசினாள். நம் தெருவில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு பாட்டும் ஜெபமுமாகச் சிலுவைப் பாதை போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் ஹன்னா அம்மா போனை வாங்கி உற்றுப் பார்த்தார். அவர் பேசப் பேச மேரி எனக்குத் தமிழில் சொன்னாள்.

“அத்தை, இவங்க பொறந்தது ஐரோப்பாவுல ஒரு சின்ன ஊராம். பெரிய வெள்ளி வந்தா இவங்க அம்மா சன்னல் எல்லாத்தையும் சாத்திருவாங்களாம். கோயில்ல ஜெபம் முடிஞ்சதும் சனம் நேரா இவங்க தெருவுக்கு வந்து கல்லெறியுமாம். எங்க ஆண்டவரக் கொன்னவங்கன்னு கத்துமாம்.”

“எப்பவோ செத்தவங்க செஞ்சதுக்கு இவங்க மேலயா?”

“ஆமா. எறிஞ்சதுல ஒரு பிள்ளை இவங்க பெஞ்சுக்காரியாம். அடுத்து பள்ளிக்கூடம் போனப்ப ஒண்ணும் நடக்காத மாதிரி பென்சில் கேட்டாளாம்.”

பொறவு யுத்தகாலத்தில் யூத சனத்தையே கொன்று குவித்த பெரிய கொலைபாதகத்தில் அவர் தாயையும் கொண்டுபோய்விட்டார்களாம். கொன்ற பாவிகள் வேறு ஆட்கள். ஆனால் அதற்கு முன்பே அக்கம்பக்கத்து மனசெல்லாம் அந்தப் பழைய பேச்சில் ஊறிக் கிடந்தது என்றாராம் ஹன்னா அம்மா. இவர்கள் அடைக்கலம் கேட்டுக் கதவைத் தட்டியபோது ஒரு வீடும் திறக்கவில்லையாம்.

சூசை, நம் ஒரு குடும்பம் சுமந்ததற்கே நீ ஊமையாகிப் போனாய். அவர்கள் ஒரு சனம் முழுவதும் சுமந்திருக்கிறது. எத்தனை தேசம், எத்தனை தலைமுறை! அத்தனைக்கும் காரணம், நீ கத்தினாயே, அதே வசனம். எம்புட்டு பெரிசு அது! என் புத்திக்குள் அடங்கவே மாட்டேன் என்கிறது. நம் கோயில் மைதானத்தில் தென்னந்தட்டிப் பந்தலுக்குக் கீழே அம்மாம் பெரிய ஒன்றையா வைத்து விளையாடினோம்?

உன் கதையை மேரி அவரிடம் சொன்னாள். அருளை, அந்தப் பட்டப்பெயரை, எல்லாவற்றையும். எல்லாம் கேட்ட ஹன்னா அம்மா ஏதோ சொல்லிச் சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு.

“என்னட்டி சொல்றாக?”

“யூதன்னு கூப்பிட்டாங்கல்ல, அப்ப எங்கப்பா இவங்க ஆளாம். சேத்துக்கிட்டாங்களாம். கூட்டம் குறைஞ்சு போச்சு, ஒரு நல்ல தொண்டை வேணுமாம்.”

அதோடு விட்டாரா? சிலுவையில் தொங்கினவரும் தங்கள் பிள்ளைதான், அவரைப் பெற்றவளும் தங்கள் வீட்டுப் பெண்தான், அதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். மாடத்தில் நான் தினமும் விளக்கேற்றுகிற மாதாவைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவளிடமே போய், யூதன் என்ற பெயரை என் தம்பியைவிட்டு எடுத்துப்போடு தாயே என்று அழுதிருக்கிறேன். அவள் மனசு என்ன பாடு பட்டிருக்கும்?

இன்னொன்றும் கேள். ஸ்டெல்லா போய்ப் புதுச் சாமியாரிடம் விசாரித்தாள். ஸ்டெல்லா மேரியின் மகள், உனக்கும் எனக்கும் பேத்தி. யூத சனத்தின்மேல் அந்தப் பழியைப் போடக்கூடாது என்று போப்பாண்டவர் இருக்கிற ரோமாபுரியிலேயே எழுதிவைத்து வெகுகாலம் ஆகிறதாம். நீ பாஸ்காவில் நிற்பதற்கு முன்னாலேயே! ரோமாபுரியில் இருந்து நம் ராஜபாளையத்துக்கு வர அந்தப் பேச்சுக்கு வழி தெரியாமல் போயிற்றா?

ஸ்டெல்லாவுக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது. பிரகாஷ், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன். யார் என்று நினைக்கிறாய்? உபதேசியார் மரியதாசின் பேரன். நான் உயிரோடு இருக்கிறவரை நடக்காது என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டு ஆட்கள் பந்தியில் எதிரே உட்கார்ந்தால் நான் இலையைவிட்டு எழுந்து போகிறவள், உனக்குத் தெரியாதா? பிள்ளை அழுதாள், நான் இளகவில்லை.

அதையும் மேரி பெரிய வெள்ளியன்று அந்தப் போனிலேயே போட்டு உடைத்துவிட்டாள். ஹன்னா அம்மா என்னிடம் நேராகக் கேட்டார்.

“கல்லறையில அப்படிச் சொன்னது அந்தப் பையனா?”

“அவன் அப்பப் பொறக்கவே இல்ல.”

“அவன் அப்பாவா?”

“அவன் அப்ப டவுசர் போட்ட பய.”

அவர் என்னையே உற்றுப் பார்த்தார். கல்லெறிகிற கூட்டத்தில் என் முகத்தைத் தேடுவதுபோல இருந்தது எனக்கு.

“அப்ப அந்த உபதேசியாரையும் நான் மன்னிக்கணுமா? எல்லாச் சாமியாரும் அதத்தான் சொல்லுதாக” என்றேன்.

இல்லை என்று அவர் தலையசைத்ததை மேரி சொல்வதற்கு முன்பே பார்த்துவிட்டேன். செத்துப் போனவர்களுக்குச் செய்ததை மன்னிக்க நமக்கு அதிகாரம் இல்லை, என் அம்மாவுக்காக நானும் யாரையும் மன்னிக்கவில்லை, ஆனால் அவர்கள் பிள்ளைகளிடம் போய்க் கணக்குக் கேட்கவும் இல்லை என்றார். ஒரு பொம்பளை இத்தனையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு இப்படி நேராக உட்கார்ந்து டீ குடிக்க முடியுமா? அந்த முகத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன், சூசை.

அடுத்த வாரம் பிரகாஷை வரச் சொன்னேன். வாசலில் செருப்பைக் கழற்றியவன் அங்கேயே நின்றான்.

“அப்பத்தா, எங்க தாத்தா சொன்னதுக்கு நான் மன்னிப்பு…”

“நீயாலே சொன்ன? நீ எதுக்குக் கேக்க? உள்ள வந்து உக்காரு. பழம் வாங்கிட்டு வந்தியா, வெறுங்கைய வீசிட்டு வந்தியா?”

ஸ்டெல்லா அடுக்களையில் சிரிப்பது கேட்டது.

நிச்சயம் செய்ய ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். உபதேசியார் இன்னும் இருக்கிறார். உள் அறையில் படுத்த படுக்கை, காது மந்தம், புத்தி தெளிவு. போன மாதம் டிவியில் சத்தமாக வைத்துக் கேட்ட பிரசங்கத்தைத் திருப்பிச் சொன்னார். நான் கட்டில் ஓரமாகப் போய் நின்றேன்.

“யாரும்மா?” என்றார்.

“சூசையோட அக்கா.”

“எந்தச் சூசை?”

“பாஸ்காவுல யூதனா நின்னானே, அந்தச் சூசை. அருளோட அப்பன்.”

யோசித்துப் பார்த்தார். “எத்தனையோ பேரு நடிச்சாங்கம்மா” என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. மருமகள் காப்பி கொண்டுவந்தாள். அந்த வீட்டுக் காப்பியை வாங்கிக் குடித்தேன். அவள் என்ன செய்தாள், பாவம்.

வருகிற மாதம் கல்யாணம். இனி பிறக்கிற பிள்ளை உனக்கும் கொள்ளுப்பேரன், அவருக்கும் கொள்ளுப்பேரன். பழி பிள்ளைகள்மேல் வரட்டும் என்று இனி நான் எப்படிச் சொல்வேன்? அந்தப் பிள்ளைக்கு உன் பெயரை வைக்கச் சொல்வேன். பாடத் தெரிந்தால் பாடச் சொல்வேன். நீ வேஷம்தான் கட்டினாய் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சத்தமாகச் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

அவர் மகனை விட்டுவிட்டேன். மருமகளை விட்டுவிட்டேன். மேரியைத் தள்ளிவைத்த தாய்மார்களைக்கூட ஒவ்வொருத்தியாக விட்டுக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உபதேசியார் மரியதாஸ் ஒருவரை மட்டும் மன்னிக்காத
உன் அக்கா சவரியம்மாள்