தண்ணீர் இல்லாத சலவைக்கடை

அனுப்புநர்:
சலவைக்கடை உரிமையாளர்,
மூன்றாம் எண் கடை, தரைத்தளம்,
பேருந்து நிலையப் பின்புற வணிக வளாகம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

பொருள்: தண்ணீர் வசதி உண்டென்று பொய் கூறிக் கடையை விற்ற ரியல் எஸ்டேட் தரகர் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் தங்கையும் வாடகை வீட்டின் பின்கட்டில் மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுத்துப் பிழைத்து வந்தோம். ஈரத்தால் சுவர் கெடுகிறதென்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லவே, நகைகளை விற்று, கடனும் வாங்கி, இக்கடையை இருவர் பெயரிலும் வாங்கினோம்.

2. சலவைக்கடை வைக்கவே இடம் தேடுகிறோம் என்று தரகரிடம் முதலிலேயே தெரிவித்தோம். அவரே குழாயைத் திறந்து காட்டினார். "நீங்க நிறுத்தினாத்தான்க்கா நிக்கும்" என்றார். என் தங்கை அந்தத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது.

3. பத்திரம் பதிவாகி, இயந்திரங்களை இறக்கிய இரண்டாம் நாளே குழாயில் காற்றுதான் வந்தது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர், "நீங்க பாக்க வந்த அன்னைக்கு லாரித் தண்ணி ஊத்தி டேங்க நெரப்பினாங்கம்மா. இந்தக் கட்டடத்துக்கு லைனே கிடையாது" என்றார். குடிநீர் அலுவலகமும் அதையே எழுத்து மூலம் உறுதிசெய்துள்ளது. நகல் இணைத்துள்ளேன்.

4. தரகரிடம் முறையிட்டோம். "குழாய் இருக்குன்னு காட்டினேன். லைன் இருக்கான்னு நீங்க கேக்கலையே" என்றார். துணி வெளுப்பவருக்குத் தண்ணீர் வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டுமா என்பதைத் தாங்களே கூற வேண்டுகிறேன். காவல் நிலையத்தில், "இது சிவில் கேஸும்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

5. லாரித் தண்ணீர் வாங்கி ஓட்டிப் பார்த்தோம். கட்டுப்படியாகவில்லை. மருத்துவமனை வேறிடம் பார்த்துக்கொண்டது. தங்கை இப்போது வேறொரு சலவைக்கடையில் கூலிக்கு இஸ்திரி போடுகிறாள். வீட்டுக்கு வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். நான் தினமும் ஷட்டரைத் தூக்கி, இயந்திரங்களைத் துடைத்துவிட்டு, மாலையில் இறக்குகிறேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை ஐயா.

6. சென்ற வாரம் அடுத்த கடையைப் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். அழகு நிலையம் வைக்கப்போகிறார்களாம். அன்று காலையும் தண்ணீர் லாரி வந்து போனது. அவர்களிடம் சொல்லப் போனேன். தரகர் முந்திக்கொண்டு, "யாவாரம் நொடிச்சதுலேருந்து அந்தக்காவுக்கு மனசு சரியில்ல, கண்டுக்காதீங்க" என்றார். அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஆகவே, இவ்விற்பனையை ரத்து செய்து எங்கள் பணத்தை மீட்டுத் தருமாறு வேண்டுகிறேன். கிடைக்குமென்ற நம்பிக்கை எனக்கு அதிகமில்லை. அந்தத் தம்பதி பத்திரம் போடுவதற்குள்ளாவது யாரையேனும் அனுப்பிவையுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இடம்: மேற்படி கடை
நாள்: ஜூன் 9

இப்படிக்கு,
(ஒப்பம்)
மனுதாரர்

குறிப்பு: இணை உரிமையாளரான தங்கையிடம் கையொப்பம் கேட்டேன். "எழுதி என்னக்கா ஆகப்போவுது" என்றாள். அவளுக்கான இடத்தைக் கீழே விட்டுவைத்திருக்கிறேன்.