நீண்டகாலக் காயப் பட்டியல்

டாஃபின், மானிட்டோபா
8 ஜனவரி 2023

என் ஸ்லாவ்கோவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நான் நலம். நீயும் நலமாக இருப்பதாக நர்ஸ் போனில் சொன்னாள். அவள் எல்லார் வீட்டுக்கும் அப்படித்தான் சொல்வாள் போலிருக்கிறது. தொண்டையில் குழாய் வைத்த மனிதனோடு போனில் பேசி என்ன செய்வது? போன வாரம் நான் பேசினேன், நீ மூச்சு விட்டாய், பத்து நிமிஷம் அப்படியே போனது. அதற்குக் கடிதம் எவ்வளவோ மேல்.

ஆனால் ஒரு குறை சொல்லியாக வேண்டும். மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் எனக்கு நாலு வரி. மிச்சமெல்லாம் நம் ஐஸ் ஹாக்கி அணிக்கு அடுத்த வருஷம் யார் யார் வேண்டும் என்று நீ போட்ட பட்டியல். முப்பத்தெட்டு வருஷம் சமைத்துப் போட்டவளுக்கு நாலு வரி, உருண்டு வருகிற ரப்பர் தட்டைக்கூடப் பிடிக்கத் தெரியாத, கோல் காக்கிற அந்தக் கோலிக்கு ஒரு முழுப் பக்கம்.

முந்தாநாள் சாயங்காலம் நம் உக்ரேனிய முறை ஜனவரிக் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து மெட்ரோவையும் பேர்லையும் கூப்பிட்டேன். வழக்கமான பன்னிரண்டு பதார்த்தம் என்னால் முடியவில்லை. ஏழோடு நிறுத்திக்கொண்டேன். பேர்ல் மேஜையில் தட்டுகளை எண்ணிவிட்டு, "நாலு தட்டு இருக்கே ஓரிசியா, ஒண்ணு ஸ்லாவ்கோவுக்கா?" என்று கேட்டாள்.

"வாயைக் கழுவு. அது செத்தவங்க தட்டு, வருஷா வருஷம் வைக்கிறதுதானே? எங்க அம்மாவுக்கு வச்சது. உயிரோட இருக்கிறவனுக்கு ஆஸ்பத்திரியில தட்டு வைக்கிறாங்க" என்றேன்.

"அவனுக்கு எதுக்குத் தட்டு? குழாய்லதானே ஊத்துறாங்க" என்றான் மெட்ரோ. சிரித்தோம். பேர்ல் மட்டும் சமையலறைக்குள் போய்விட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ரேடியோவில் ஆட்டம் கேட்டேன். தோற்றோம். முன்பெல்லாம் பணக்கார அணி எல்லாரையும் வாங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த அணியானாலும் சம்பளம் எட்டே கால் கோடி டாலரைத் தாண்டக் கூடாது, இருபத்துமூன்று பேரையும் அதற்குள் அடக்க வேண்டும் என்று நீ சொல்லித்தான் தெரியும். அதனால் கேட்கிறேன். அந்த ஸ்டெங்கார்ட் இடுப்பை உடைத்துக்கொண்டு ஒரு வருஷமாகப் பனியில் இறங்கவில்லை. அவனுக்கு ஏன் அறுபது லட்சம்? அவனை நீக்கிவிட்டால் நல்ல தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேர் கிடைப்பார்களே?

சாலை நன்றாக இருந்தால் மெட்ரோ இருபத்தெட்டாம் தேதி என்னை வண்டியில் கூட்டி வருவான். பஸ் நின்று நாலு வருஷம் ஆகிவிட்டது, நானும் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கும் என்னைத் திட்டு.

உன்
ஓரிசியா


வின்னிபெக், ஆஸ்பத்திரி
15 ஜனவரி 2023

ஓரிசுக்கு,

நாலு வரிக்குக் கோபமா? இதோ ஐந்தாவது வரி: நேற்றுக் கனவில் உன் உருளைக்கிழங்கு அடைத்த பிரோகிக் கொழுக்கட்டை பதினொன்று தின்றேன்.

காகிதத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. சாப்பாட்டுப் பட்டியல் அச்சடித்த தாளின் பின்பக்கம் இது. எனக்கு எப்படியும் சாப்பாடு கிடையாது. அதனால் என் பங்குத் தாளையெல்லாம் நர்ஸ் எடுத்து வைத்துத் தருகிறாள்.

பக்கத்துக் கட்டிலில் டொராண்டோ அணி ரசிகன் ஒருவன் இருக்கிறான். என்னால் வாயைத் திறந்து திட்ட முடியாதே, எழுதிக் காட்டுகிறேன். அவன் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருக்கிறான். என் வாழ்க்கையிலேயே நான் ஜெயிக்காத சண்டை இதுதான்.

ஸ்டெங்கார்ட் விஷயம். ஒப்பந்தம் போட்ட ஆளை அப்படி வெளியே தள்ள முடியாது. அதற்குத்தான் நீண்டகாலக் காயப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. அதில் பெயரைப் போட்டால் அவன் சம்பளம் அவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்த அளவுக்கு வரம்பைத் தாண்டி அணி வேறு ஆளை எடுத்துக்கொள்ளலாம். சிலர் அந்தப் பட்டியலிலிருந்து ஏப்ரலில், கோப்பை ஆட்டங்களுக்குத் திரும்பி வருவார்கள். ஸ்டெங்கார்ட் வரமாட்டான். அது அவனுக்குத் தெரியும், பயிற்சியாளருக்கும் தெரியும். பெயர் மட்டும் இருக்கும். யாரும் அவனுக்கு வழியனுப்பு விழா நடத்த மாட்டார்கள். எழுந்து வா, விளையாடு என்று தொந்தரவும் செய்ய மாட்டார்கள். ஏரிக்கரை வீட்டில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். கொடுத்துவைத்தவன்.

கோலி ரிண்டாலாவுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம் தரப்போகிறார்களாம். பைத்தியக்காரர்கள். முப்பத்திரண்டு வயது முட்டிக்கு இரண்டு வருஷமே ஜாஸ்தி. மெட்ரோவிடம் நான் சொன்னதாகச் சொல்.

இந்த வாரம் தொண்டையை ஸ்கேன் படம் எடுக்கிறார்கள். டாக்டர் அப்புறம் சொல்வார்.

ஸ்லாவ்கோ


டாஃபின்
22 ஜனவரி 2023

என் ஸ்லாவ்கோவுக்கு,

நேற்றுப் பனித்தளத்துக்குப் போனேன். பனியை வழித்துச் சமமாக்குகிற உன் வண்டியை இப்போது ஒரு புதுப் பையன் ஓட்டுகிறான். மூலைகளில் தண்ணீர் தேங்கி மேடு தட்டுகிறது. "இருபத்தாறு வருஷம் அவர் ஓட்டினப்போ இங்க ஒரு மேடு உண்டா?" என்று நான் சத்தமாகவே கேட்டேன். காதில் விழுந்திருக்கும்.

காபி மேஜையில் உன் கூட்டாளிகள் நாலு பேர். உட்காரக்கூட விடவில்லை.

"ரிண்டாலாவுக்கு எத்தனை வருஷம்னு சொல்றான் உன் புருஷன்?"

"ரெண்டு."

"ரெண்டா! அப்ப அவன் வேற அணிக்குப் போயிடுவான்."

"போகட்டும். அந்த முட்டிய வேற யாராவது கட்டி அழட்டும்" என்றேன்.

பிறகு மெட்ரோ, "நீ எப்பம்மா இதெல்லாம் படிச்ச?" என்றான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், முதியோர் இல்லத்தில் உருளைக்கிழங்கு உரிக்கிறவள். ஆனால் உன் பட்டியலில் இருபத்துமூன்று பேரையும் பார்க்காமல் சொல்வேன். அடுப்பு முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்க வேண்டுமே.

டாக்டர் என்ன சொன்னார்? அதை எழுது. அணியைப் பிறகு பார்க்கலாம்.

உன்
ஓரிசியா


வின்னிபெக்
2 பிப்ரவரி 2023

ஓரிசுக்கு,

சனிக்கிழமை பனிப்புயலில் நீ கிளம்பாததே நல்லது. நேரில் என்றால் நான் பலகையில் எழுதுவேன், நீ என் முகத்தைப் பார்ப்பாய், இரண்டு பேராலும் முடியாது.

அந்தப் புற்று திரும்பி வந்திருக்கிறது. கீழே உணவுக் குழாய்க்கும் இறங்கியிருக்கிறது. இன்னும் ஒரு பெரிய அறுவை செய்யலாம் என்கிறார் டாக்டர். ஐந்து பேரில் ஒருவர் அதிலிருந்து தேறுவாராம். நல்ல மனிதர். எதையும் மூடி மறைக்கவில்லை. வேண்டாம் என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வலிக்கு மருந்து தருவார்கள், நம் ஊர் நர்ஸ் வந்து பார்ப்பாள். இரண்டு மாதம், மூன்று மாதம். பதினைந்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

இனி அணி. இந்தத் தடவை என் பட்டியலில் இருபத்துநாலாவதாக ஒரு பெயர் இருக்கிறது. வயது அறுபத்துமூன்று, பனி வண்டி ஓட்டியவன். அவனை நீண்டகாலக் காயப் பட்டியலில் போட்டிருக்கிறேன். அவன் ஸ்டெங்கார்ட் மாதிரி. ஏப்ரலுக்கு வருகிறவன் இல்லை.

இதை நீ புரிந்துகொள்ள வேண்டும் ஓரிசு. ஓர் ஆட்டக்காரனுக்குப் பெரிய கெடுதல் செய்கிறவர்கள் எதிரணிக்காரர்கள் இல்லை. அவன்மேல் ஆசை வைத்த பயிற்சியாளர்கள்தான். உடைந்த இடுப்போடு இருக்கிறவனை, இன்னும் ஒரே ஓர் ஆட்டம் என்று சொல்லிச் சொல்லிக் காலணி கட்டவைப்பார்கள்.

வீட்டுக்கு வந்தால் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டுக்கொள்ளலாம். அங்கிருந்து சாலை தெரியும்.

நீ சொல்கிறபடி செய்கிறேன். நீதான் பயிற்சியாளர்.

ஸ்லாவ்கோ


டாஃபின்
8 பிப்ரவரி 2023

என் ஸ்லாவ்கோவுக்கு,

உன் கடிதம் வந்தது. டாக்டர் இன்னொரு அறுவை இருக்கிறது என்று சொன்னாரே, அதற்கே கடவுளுக்கு நன்றி. ஐந்தில் ஒருவர் என்றால் அந்த ஒருவர் நீதான். பேர்லும் அதையேதான் சொல்கிறாள்.

காயப் பட்டியலில் போட்டுக்கொண்டாயா? நல்லது. நீதானே எழுதியிருந்தாய், அதிலிருந்து ஏப்ரலில் திரும்பி வருவார்கள் என்று? குளிர்காலம் முழுக்கப் படுத்துக் கிட. கோப்பை ஆட்டங்களுக்கு எழுந்து வா. அதற்குள் நான் முன்னறைக்கு வண்ணம் அடித்து வைக்கிறேன். பச்சையா, வெள்ளையா, எழுது.

அறுவைக்குச் சரி என்று உடனே சொல்லிவிடு. தேதி தள்ளிப் போய்விடப் போகிறது. பயிற்சியாளர் சொல்லியாகிவிட்டது.

உன்
ஓரிசியா


வின்னிபெக்
13 பிப்ரவரி 2023

ஓரிசுக்கு,

சரி. கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருபத்தொன்றாம் தேதி காலை.

ரிண்டாலாவுக்கு இரண்டு வருஷம். அதை மாற்ற மாட்டேன்.

வெள்ளையே இருக்கட்டும்.

ஸ்லாவ்கோ


டாஃபின்
1 ஜூலை 2023

ஸ்லாவ்கோ,

இன்று ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் அணி மாறுகிற நாள். காலையிலிருந்து ரேடியோவில் அதுதான். ரிண்டாலாவுக்கு ஐந்து வருஷம் கொடுத்துவிட்டார்கள். மெட்ரோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கேட்டியா ஓரிசியா? அஞ்சு வருஷமாம்! அவன் இருந்திருந்தா ரேடியோவத் தூக்கி எறிஞ்சிருப்பான்" என்றான். நான் உள்ளே வந்துவிட்டேன். இதை உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது. எங்கே அனுப்புவது என்று யோசிக்கவில்லை.

உனக்குத் தெரியாதவற்றை முதலில் சொல்கிறேன். இருபத்தொன்றாம் தேதி சாலையை மூடிவிட்டார்கள். மெட்ரோ நீபாவா வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர்ந்தேன். அதற்குள் உன்னை இயந்திரத்தில் போட்டிருந்தார்கள். குழாயைப் பிடுங்காமல் இருக்க உன் கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பென்சில் பிடிக்கிற கை வீங்கி ரொட்டி மாதிரி ஆகிவிட்டிருந்தது. என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். நான் போகவில்லை.

பத்தொன்பது நாள். இரண்டு தடவை கண் திறந்தாய். ஒரு தடவை கூரையைப் பார்த்தாய், ஒரு தடவை என்னை. மார்ச் மூன்றாம் தேதி அணிகள் ஆள் மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். நர்ஸிடம் ரேடியோ வாங்கி உன் காதோரம் வைத்தேன். நம் அணி யாரையும் எடுக்கவில்லை. நான் அதை உனக்கு உரக்கச் சொன்னேன். இயந்திரம் அதுபாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாம் தேதி டாக்டர் என்னைக் கூப்பிட்டு, நிறுத்திவிடலாமா என்று கேட்டார். நீ என்னிடம் எழுதிக் கேட்டதை அவர் வாயால் கேட்டார். அப்போது சரி என்றேன். அப்போது சொல்ல எனக்கு வாய் வந்தது.

மண் இளகிய பிறகு மே மாதம் உன்னை அடக்கம் செய்தோம். பனித்தளத்திலிருந்து எல்லாரும் வந்தார்கள். மூலையை மேடாக்குகிற அந்தப் பையனும் வந்தான். அவனைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் அழுதுவிட்டான்.

இனி நான் சொல்ல வேண்டியது. உன் பிப்ரவரிக் கடிதம் எனக்குப் புரிந்தது, ஸ்லாவ்கோ. முதல் தடவை படித்தபோதே புரிந்தது. அடுப்பில் பீட்ரூட் சூப் அடிப்பிடித்துப் புகைகிற வரை நின்றேன். ஏப்ரலில் வருகிறவன் இல்லை என்று நீ கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாய். படிக்காதவள் என்றாலும் அதுகூடப் புரியாமல் இருக்குமா? ஜன்னலோரம் கட்டில் கேட்டாயே, அது புரியாதா?

மூன்று நாள் பதில் எழுதவில்லை. பிறகு புரியாதவள் மாதிரி எழுதினேன். நேராக "வராதே, அறுவை செய்துகொள்" என்று எழுதினால் நீ மறுத்து எழுதியிருப்பாய். ஆனால் விவரம் தெரியாத பெண்டாட்டி சந்தோஷமாக வண்ணம் பச்சையா வெள்ளையா என்று கேட்டால், அவளை உட்காரவைத்து இரண்டாம் தடவை விளக்கிச் சொல்ல உனக்கு மனசு வராது. அது எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷத்தில் அது தெரியாதா? தெரிந்துதான் செய்தேன். வீட்டில் உன்னைச் சாகக்கொடுக்க எனக்குப் பயம். ஒவ்வொரு நாளும் பக்கத்தில் இருந்து பார்க்கப் பயம். அவ்வளவுதான். உன்மேல் வைத்த ஆசையால் என்று எழுதினால் அது பொய்.

பேர்லிடம் சொன்னேன். "நீ நல்லதுக்குத்தான் செஞ்ச, விடு" என்கிறாள். அவளுக்கு உன் கடிதத்தைக் காட்டவில்லை.

உன் பையை நர்ஸ் கொடுத்தாள். என் கடிதங்கள் எல்லாம் வரிசையாக அதில் இருந்தன. என் பிப்ரவரிக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் நீ ஒரு கோடுகூடப் போடவில்லை. நீ அனுப்பிய பதிலில் நான் சொன்னதற்கு "சரி" என்ற ஒரே சொல். அதைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். பாவம், இவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்து எழுதிய சரி என்றால் நான் எப்படியாவது இருந்துவிடுவேன். அப்படி இல்லையென்றால் நீ எல்லாம் தெரிந்துகொண்டே அந்தக் கட்டிலில் போய்ப் படுத்திருக்கிறாய்.

நான் நடிக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருந்ததா?