செஞ்சி பார்க்கப் போன தம்பிக்கு

என் தங்கமே, ஆரோக்கியம்,

உன் மேல எனக்குக் கோவம் இன்னும் தீரலடா. அதை முதல்ல சொல்லிடறேன். கம்பும் கடப்பாரையுமா அத்தனை பேரு ஓடி வர்றப்போ நீ ஏன் அங்கயே நின்னுக்கினு இருந்தே? "இரு அக்கா, எடுத்துச் சொன்னா புரிஞ்சிக்குவாங்க"ன்னியே. யாருடா புரிஞ்சிக்கினாங்க?

இதை ஊரே படிக்கட்டும்னுதான் எழுதறேன். அதனால உன்னை அறியாதவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. இவன் என் ஒரே தம்பி. திண்டிவனத்துல ஒரு காண்ட்ராக்டர்கிட்ட பிளான் வரையற வேலை. வாரம் பூரா மாட்டுக் கொட்டாய்க்கும் செப்டிக் டேங்குக்கும் கோடு போடுவான், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் செஞ்சி பஸ்ஸைப் புடிச்சிடுவான். அம்மா போனப்புறம் உன்னை வளத்தவ நான். ஒரு ஞாயித்துக்கிழமையாவது வீட்ல உக்காந்து கறிச்சோறு தின்னியாடா?

கோட்டையைக் கைடு இல்லாம யாரு வேணும்னாலும் தானா நடந்து பாக்கணும்னு ஒரு தாள் தயார் பண்ணிக்கினு இருந்தே. ராஜா பேரு, சண்டை நடந்த வருஷம் ஒண்ணும் அதுல கிடையாது. எங்க நிக்கணும், எந்தப் பக்கம் திரும்பணும், எதைத் தொட்டுப் பாக்கணும், அவ்ளோதான். அதை சைக்ளோஸ்டைல் போட்டு பஸ் ஸ்டாண்டுல சும்மாவே குடுக்கப் போறேன்னே. அதுக்கு முன்னாடி என்னைக் கூட்டிக்கினு போய் சோதிச்சுப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம்.

"எட்டாவதோட நின்னவ நீ. உனக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்க்கா."

"அடி செருப்பால"ன்னேன். ஆனா வந்தேன். கடையை உன் மாமன்கிட்ட விட்டுட்டு, புதுப் பொடவை கட்டிக்கினு வந்தேன்.

தாளை வெச்சிக்கினு நான் முன்னாடி, வாயே தொறக்காம நீ பின்னாடி. கல்யாண மகாலுக்கு உள்ளே ஓடாதே, வெளிய நின்னு மாடி ஒவ்வொண்ணும் மேல போகப் போக எப்படிச் சிறுத்துக்கினே போவுதுன்னு பாருன்னு எழுதியிருந்தே. பாத்தேன். லாயத்துல நின்னு கை தட்டுன்னு போட்டிருந்தே. தட்டினேன். சத்தம் வளைவுக்கு வளைவு மோதித் திரும்பி வந்துச்சு, நான் அலறிட்டேன், நீ வயித்தைப் புடிச்சிக்கினு சிரிச்சே. பெரிய கோயில்ல, தூண் இருக்கற எடத்தைப் பாத்தது போதும், பேத்து எடுத்துக்கினு போன எடத்தைப் பாருன்னு இருந்துச்சு. நின்னு பாத்தேன். எனக்கு என்னமோ பண்ணிச்சுடா. எல்லாமே எனக்குப் புரிஞ்சுது.

கடைசியா கோட்டைக்கு வெளிய, வேர்க்கடலைக் கொல்லை நடுவுல ஒரு இடிஞ்ச மண்டபம். ஊர் பேரை எழுத மாட்டேன், அவங்களுக்குத் தெரியும். தூண்ல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு யாளி. அதும்மேல காயிதத்தை வெச்சு, கரித்துண்டால தேச்சுப் பதிச்சிக்கினு இருந்தே. வெயிலுக்கு எலுமிச்சம்பழம் அறுத்து, உப்புப் போட்டு நான் தண்ணி கலக்கிக்கினு இருந்தேன்.

மல்லாட்டை பறிச்சிக்கினு இருந்த ஒருத்தி எங்களைப் பாத்தா. அவ கண்ணுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? அளக்கற டேப்பு, கரி பூசின கை, அறுத்த எலுமிச்சம்பழம், அசலூரு ஆம்பளை ஒருத்தன், பொம்பளை ஒருத்தி. அதுக்கு முந்தின வாரந்தான் எவனோ அந்த மண்டபத்துல புதையலுக்குக் குழி தோண்டி, நந்தியைக் கவுத்துட்டுப் போயிருக்கான். புதையலுக்குப் புள்ளையை பலி குடுப்பாங்கன்னு ஊரே நடுங்கிக்கினு இருந்திருக்கு. அவ கூச்சல் போட்டா.

இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிஞ்சுது. பயந்துட்டாங்கன்னு சொல்றாங்க. பயந்தவன் ஓடுவான்டா, விழுந்து கெடக்கறவனையா அடிப்பான்?

முதல் அடி உன் முழங்காலுக்கு. கடப்பாரை. எலும்பு ஒடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நீ அந்தத் தாளை விரிச்சுக் காட்டி, "பாருங்கண்ணே, படிச்சுப் பாருங்கண்ணே"ன்னு கெஞ்சினே. அதைப் பாத்துட்டுதான் ஒருத்தன் "புதையல் மேப்புடா"ன்னு கத்தினான். அப்புறம் எந்தக் கம்பு எங்க விழுந்துச்சுன்னே தெரியல. உன் கழுத்துல கெடந்த சிலுவையைப் புடிச்சு இழுத்து "எல்லாம் வேசம்"னான் இன்னொருத்தன். நான் ஒருத்தன் கையைக் கடிச்சேன், தோலு பிஞ்சு என் வாயில வந்துச்சு. என் முடியைப் புடிச்சுத் தூண்ல மோதினாங்க. நீ கத்தினே பாரு ஒரு கத்து, அது இப்பவும் எனக்கு சோறு எறங்க விடறதில்ல.

யாரோ டிராக்டர்ல போட்டுக்கினு போறப்போ என் மடியில தண்ணி கேட்டே. டிராக்டர்ல தண்ணி இல்ல. ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ள நீ போயிட்டே.

உன் பொணத்துப் பக்கத்துல நின்ன என்கிட்ட போலீஸ்காரர் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "எங்கம்மா தோண்டினீங்க?" கும்பல்ல அடிச்சது யாருன்னு தெரியலன்னு எழுதி கேஸை மூடிட்டாங்க. நீ யாருன்னு ஒருத்தரும் கேக்கலடா. நீ என்ன படிச்சே, எதுக்கு அந்தத் தூணைப் புடிச்சிக்கினு நின்னே, ஒண்ணும் கேக்கல. அந்தப் பக்கத்துல இன்னிக்கும் உன் பேரு புதையல் திருடன்தான். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்தப் போனா, நம்ம தெருக்காரங்களே ஒரு தினுசா பாக்கறாங்க.

இப்போ சேதிக்கு வர்றேன். விக்கிரவாண்டியில கடை நடந்துக்கினுதான் இருக்கு. போன மாசம் மத்தியான நேரம், நாலு பேரு பரோட்டா தின்ன வந்தாங்க. அதுல ஒருத்தன் கூட இருந்தவங்களுக்குக் கதை சொல்லிக்கினு இருந்தான். "எங்க ஊர்ல புதையல் எடுக்க வந்தான் ஒருத்தன். முதல் போடு நான்தான், முழங்கால்ல. பொட்டுனு ஒடைஞ்சுது. அதுலேர்ந்து ஒரு திருட்டு நாயி அந்தப் பக்கம் வர்றதில்ல." சொல்லிட்டு சிரிச்சான். என்னைப் பாத்து, "யக்கா, இன்னும் கொஞ்சம் சால்னா ஊத்து"ன்னான்.

ஊத்தினேன்.

அடுப்புல கொதிச்சிக்கினு இருந்த குண்டானைத் தூக்கிக்கினு வந்து மூஞ்சியில ஊத்தினேன். கீழ விழுந்தவனைத் தோசைத் திருப்பியால வெளாசினேன். லாரி டிரைவருங்க புடிச்சு இழுக்கலன்னா அங்கயே முடிச்சிருப்பேன். சந்தோஷமா இருந்துச்சான்னு கேப்பே. இல்லடா. அவன் கத்தினது உன்னை மாதிரியே இருந்துச்சு.

அவன் பொழைச்சிக்கினான். ஒரு கண்ணு தெரியாதுங்கறாங்க. நான் ஜாமீன்ல வந்திருக்கேன். விழுப்புரம் கோர்ட்டுல கேஸ் வருது. வக்கீலு நல்ல மனுசன், வழி சொல்லிக் குடுக்கறாரு.

"குண்டான் கை தவறிடிச்சுன்னு சொல்லும்மா, போதும். திருப்பியால அடிச்சதை யாரும் பாக்கலன்னு டிரைவருங்களும் சொல்லிடுவாங்க. அவன் தரப்புலயும் ராஜிக்கு வர்றாங்க. பழைய கதை வெளிய வந்தா அவனுக்குந்தானே பேஜாரு?"

உன் மாமன் என் காலைப் புடிக்காத குறை. "நம்ம பொண்ணு மூஞ்சியைப் பாரு பிலோமி. ஒரு வார்த்தை, கை தவறிடிச்சுன்னு ஒரே வார்த்தை. வீட்டுக்கு வந்துடலாம்." அந்த மனுசன் அழுது நான் பாத்ததில்ல. பொண்ணு பெரியவளாவற வயசு, நான் உள்ள போயிட்டா அவளுக்குத் தலை வாரி விட யாரு இருக்கா? யோசிக்காம இல்லடா. யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது.

கை தவறிடிச்சுன்னு நான் சொன்னா, அதோட முடிஞ்சுது. ஏன் ஊத்தினேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. வேணும்னுதான் ஊத்தினேன்னு சொன்னா, ஏம்மா ஊத்தினேன்னு ஜட்ஜு கேட்டுத்தான் ஆவணும். அவன் முழங்கால் கதையை நாலு பேரு முன்னாடி சொன்னதுகூட வெளிய வரும். நீ செத்ததுலேர்ந்து அந்த ஒரு "ஏன்"னுக்காகத்தான் நான் காத்துக்கினு இருக்கேன்.

அதனால உனக்கு வாக்கு குடுக்கறேன் ராசா. கூண்டுல ஏறி, கை தவறலைங்கன்னு சொல்லுவேன். அவங்க ஏன்னு கேப்பாங்க. என் தம்பி பேரு ஆரோக்கியம்னு ஆரம்பிப்பேன்.

உன்னை இடுப்புல தூக்கி வளத்த அக்கா,
பிலோமினா